நான்காம் சுருளைத் தேடித் தூத்துக்குடிக்கு

காலை ஏழு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறியபோது என் மடியில் எட்டுக் கிலோ புரொஜெக்டர் ஒன்று இருந்தது. இருக்கைக்கு அடியில் வைக்கச் சொன்னார் நடத்துனர். உள்ளே இருக்கும் பல்புக்கு அதிர்வு ஆகாது என்றேன். "குழந்தை மாதிரி வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

நான் பழைய பேய்ப் படங்களின் பிரதிகளைச் சேர்ப்பவள். தியேட்டரில் ஓடும் பெரிய பிலிம் அல்ல. வீடியோ வருவதற்கு முன்பு, வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்ப்பதற்காக வெளிநாடுகளில் விற்ற ‘சூப்பர் எட்டு’ என்ற வகைச் சுருள்கள். சுண்டுவிரல் நகத்தை விடக் குறுகலான பிலிம். பத்து வருடமாக நான் தேடுவது ஓர் இத்தாலியப் படம். கலங்கரை விளக்கத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் பெண்ணைப் பற்றியது. நான்கு சுருள். எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர்கள் யாரிடமும் நான்காவது இல்லை. கதவைத் திறந்தால் அங்கே நிற்பது யார் என்பது அதில்தான் இருக்கிறது.

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் இணையத்தில் நான்கு பெட்டிகளின் படத்தைப் போட்டிருந்தார். பெயர் ரொசாரி. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலை. பெட்டிகள் அவருடைய அப்பாவுடையவை. அப்பா கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஹாம்பர்க்கில் இறங்கியபோது வாங்கி வந்தாராம். விற்கச் சம்மதம், ஆனால் அவருடைய அக்கா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒரு தடவை ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் வீட்டு மெஷின் எப்போதோ வீணாகிவிட்டது. அதனால்தான் என் மடியில் இந்தச் சுமை.

பத்தரைக்குப் புதிய பேருந்து நிலையம். திரேஸ்புரத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

"பெட்டில என்னக்கா?" என்றார் ஓட்டுநர்.

"படம் ஓட்டுற மெஷின். பேய்ப் படம்."

"அதான் போன்லயே கெடக்கே! இதுக்கா மதுரைலருந்து வாரீங்க?"

பதில் யோசிப்பதற்குள் மீன் வாடை வந்துவிட்டது. படகுகள் கரையேறி, ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ரொசாரிக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான வயது இருக்கும். தெருமுனைக்கே வந்து புரொஜெக்டரை வாங்கிக்கொண்டார். வீட்டில் அவருடைய அக்கா ஜெசிந்தா மேசையை ஏற்கெனவே ஒதுக்கிவைத்திருந்தார். தையல் கடை நடத்துகிறவர். அதிகம் பேசவில்லை.

பெட்டிகளைத் திறந்தேன். முதல் மூன்றும் பரவாயில்லை. நான்காவதைத் திறந்ததும் வினிகர் வாடை. பிலிம் கெடத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம் அது. விளிம்பு லேசாக நெளிந்திருந்தது. அங்கங்கே பழைய டேப் ஒட்டுகள் வேறு.

"இதை மெஷின்ல விட்டா கிழிஞ்சாலும் கிழியும். நான் எடுத்துட்டுப் போய் ஸ்கேன் பண்ணி உங்களுக்கு அனுப்புறேன்" என்றேன்.

"அக்கா, மேடம் சொல்லுதது சரிதானே?" என்றார் ரொசாரி.

"கிழிஞ்சா கிழியட்டும். பாக்காம குடுக்க மாட்டேன்" என்றார் ஜெசிந்தா.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல்களை அடைத்து, சுவரில் வெள்ளை வேட்டி கட்டினோம். மூன்று சுருளும் தடங்கலின்றி ஓடின. வண்ணமெல்லாம் வெளிறி, படம் முழுக்க ஒரே செம்மை. ரொசாரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவதை மெதுவாகக் கோத்தேன்.

அந்தப் பெண் படியேறுகிறாள். விளக்கு அணைகிறது. மேலே கதவு. கைப்பிடியைத் திருப்புகிறாள். கதவு திறக்கிறது. அலறல் பாதியில் நின்றது.

சுவரில் நீலக் கடல்.

சத்தமே இல்லை, மெஷின் ஓடும் ஒலி மட்டும். செம்மை போய், நேற்று எடுத்ததுபோல் துலக்கமான வண்ணம். அது வேறு வகைப் பிலிம், மங்காதது. கரையில் ஒரு தோணி. அதன் முன்னால் பூப்போட்ட சேலையில் ஒரு பெண், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துச் சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தாள்.

"அம்மா" என்றார் ஜெசிந்தா.

ரொசாரி எழுந்துவிட்டார். "ஏக்கா, இது அம்மாவா? நம்ம அம்மாவா?"

ஒரு நிமிடம்கூட இருக்காது. சுருள் முடிந்து பிலிமின் வால் படபடத்தது. மெஷின் விளக்கை அணைத்தேன்.

இருட்டிலேயே ஜெசிந்தா சொன்னார்: "எனக்கு அப்ப ஏழு வயசு. இந்தப் படத்தப் பாத்துட்டு ராத்திரி பூரா அழுவேன். அப்பா அடுத்த தடவ ஊருக்கு வந்தப்ப கடைசியில வார பேய வெட்டிட்டு, தான் கேமராவுல எடுத்த அம்மாவ ஒட்டிட்டாவ. பிறவு எனக்குப் பயமே இல்ல. கதவு எப்படா தொறக்கும்னு இருப்பேன். அம்மா போனப்புறம் அப்பா மெஷினத் தொடவே இல்ல. இத்தன வருசம் கழிச்சி, நெசமாவே பாத்தனா, கனாவான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. அதான் ஓட்டச் சொன்னேன்."

"வெட்டின துண்டு?" வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நான் கேட்டுவிட்டேன்.

"கடல்ல போட்டாச்சுன்னு சொன்னாவ."

நான் தேடிய முடிவு அத்தோடு முடிந்தது. வருத்தமாக இல்லை என்று சொன்னால் பொய்.

அம்மா இறந்தபோது ரொசாரிக்கு இரண்டு வயது. ஒரு கல்யாணப் போட்டோவைத் தவிர அம்மாவைப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை. அம்மா நடப்பதைப் பார்த்ததில்லை. "இன்னொரு தடவ ஓட்டுவீயளா, மேடம்?" என்றார்.

ஓட்டினேன். இந்த முறை அவர் வேட்டிக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். அம்மா நடந்து வந்தபோது ஒட்டு பிரிந்து பிலிம் சிக்கியது. நான் விளக்கை அணைப்பதற்குள் ஜெசிந்தா "ஐயோ மாதாவே" என்றார். வெளியே எடுத்துப் பார்த்தோம். பிரிந்தது ஒட்டு மட்டும்தான். என் கையில் ஒரு பக்கம் பேய்ப் படம், மறுபக்கம் அம்மா.

"தனியாவே வந்துட்டு. நீங்க படத்த எடுத்துக்கிடலாம்" என்றார் ஜெசிந்தா. குரல் தெளிவாகத்தான் இருந்தது.

ஒட்டும் கருவி என் பையில் இருந்தது. புது டேப் வைத்து, கதவுக்குப் பின்னால் அம்மாவைத் திரும்பவும் சேர்த்தேன். ரொசாரி, "ஒண்ணு கேக்கணும்" என்றார். "அம்மா நெத்தியில வச்சது இடது கை. பிலிம் திரும்பி ஒட்டியிருந்தா கை மாறித் தெரியுமோ?"

நல்ல கேள்வி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்னால் இருந்த தோணியின் பெயர் நேராகவே படிக்க வந்தது. "மாறல. இடது கைதான்."

"பள்ளிக்கூடத்துல நான் இடது கையால எழுதுனா ஸ்கேல வச்சி அடிப்பாவ" என்றார் அவர். "இது எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னு அப்பாகிட்ட கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. எந்திரிச்சி வெளிய போயிருவாவ."

ஜெசிந்தா குசினிக்குள் போனார். தேநீர் வர வெகுநேரம் ஆனது.

ஐந்தரை மணிப் பேருந்தில் மூன்று சுருள்களோடு திரும்பினேன். நான்காவதை அவர்களிடமே விட்டு, எந்த லேபில், எப்படிக் கொடுத்து ஸ்கேன் செய்வது என்று ரொசாரிக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எட்டயபுரம் தாண்டும்போது போனைப் பார்த்தேன்; சேகரிப்பாளர்களின் குழுவில் கேள்விகள் குவிந்திருந்தன. நான்காம் சுருள் கிடைத்ததா?

வீட்டில் இருக்கிறது என்று எழுதினேன்.

யார் வீட்டில் என்று கேட்டார்கள். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டேன்.