வார்டு வாசலில் நின்ற கஞ்சி

“வெச்ச பாலு அப்படியே இருக்கு, ரொட்டி அப்படியே இருக்கு. உங்க பாம்புக்கடி ஆளு எதையும் தொடலப்பா. மூக்குல திரும்ப ட்யூப் போடச் சொல்லி டாக்டர் எழுதிட்டாரு. என்னாத்தப் பாத்து அனுப்புனீங்க?”

ஜெனரல் வார்டு இன்சார்ஜ் ஃபிலோமினா சிஸ்டர் போனில் ‘ஹலோ’ சொல்லும் வழக்கம் இல்லாதவர்.

பாம்புக்கடி ஆள் என்றால் மாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர். கட்டுவிரியன் கடித்து, மூச்சு நின்று, நான் நர்ஸாக இருக்கும் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தவர். மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்றிய ட்யூபை எடுத்த அன்று அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தின நாள்தான் வார்டுக்கு அனுப்பியிருந்தோம். அனுப்பிய கையோடு அந்தக் கட்டிலில் வேறு ஆள் வந்தாயிற்று. ஒருவர் பிழைத்ததற்கு உட்கார்ந்து பெருமைப்பட எங்களுக்கு நேரமும் கிடையாது, நாற்காலியும் கிடையாது.

இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த கால்களை இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையில் கஞ்சித் தூக்கோடு மாதுவின் மனைவி பச்சியம்மா நின்றிருந்தார்.

“இங்க ஏம்மா நிக்கறீங்க?”

“நேத்துலருந்து நிக்கறேனுங்க சார். இன்னும் பேரு சொல்லிக் கூப்புடலீங்களே.”

“மத்தவங்கெல்லாம் உள்ள போறாங்களே?”

“அவங்கள எல்லாம் கூப்புட்டிருப்பாங்கன்னு நெனச்சனுங்க.”

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஐ.சி.யூ.வில் சொந்தக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம். ஒருவர் மட்டும் வரலாம், தள்ளி நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. இதை அதட்டிச் சொல்லும் வேலை என்னுடையது. என் பேச்சைக் கேட்கும் கூட்டம் உலகத்திலேயே அது ஒன்றுதான். வீட்டில் மிக்ஸிகூடக் கேட்காது. வார்டிலோ எல்லாமே தலைகீழ். ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது எல்லாம் கூட இருப்பவர்தான். இது எங்களுக்கும் தெரியும், வார்டுக்கும் தெரியும். பச்சியம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

உள்ளே கூட்டிப்போனேன். மாது மல்லாந்து கிடந்தார். தலைமாட்டில் ஆடை படிந்த பால். டம்ளரைத் தூக்கக் கையில் வலு இல்லை. கூப்பிடலாமென்றால், வென்டிலேட்டர் குழாய் இருந்த தொண்டையில் காற்றுதான் வந்தது.

“கைய நல்லாக் கழுவிட்டு வந்து ஊட்டுங்கம்மா.”

“நானுங்களா? கிருமி ஒட்டிக்குமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“அது அங்க. இங்க நீங்கதான் எல்லாம்.”

தலைமாட்டை உயர்த்தி, மாதுவை நிமிர்த்தி உட்காரவைத்தோம். அரை ஸ்பூன் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. முதல் ஸ்பூன் பாதி தாடியில் போனது. மூன்றாவதற்குப் பிறகு மாது காற்றுக்குரலில் சொன்னார்: “நீ வூட்டுக்குப் போய்ட்டன்னு நெனச்சேன்டி.”

“உன்ன உட்டுட்டு எங்கய்யா போவேன்? வாய்ல வெச்சிக்கினு பேசாத, முழுங்கு.”

அந்த அதட்டல் என்னுடையதைவிட நன்றாக வேலை செய்தது. தூக்கில் பாதி காலியாயிற்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டு ட்யூப் ஆர்டரைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

ஃபிலோமினா சிஸ்டர் என்னை ஓரங்கட்டினார். “யாருமில்லாத கேஸுன்னு நெனச்சிட்டோம்பா. பேஷன்ட்ட ஸ்ட்ரெச்சர்ல வெச்சித் தள்ளிக்கினு வந்து உட்டீங்க. அந்தம்மாவ யாரு கொண்டாந்து உடறது?”

 

புதிதாக ஐ.சி.யூ.வுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். நமக்கு ஷிஃப்டிங், அதாவது பேஷன்ட்டை வார்டுக்கு மாற்றுவது, கேஸை அங்கே ஒப்படைத்ததும் முடிந்துவிடுகிறது. கூட இருப்பவருக்கு அப்போதுதான் டூட்டி ஆரம்பம், அதுவும் பழக்கமே இல்லாத டூட்டி. அதனால் இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன்பே அவர்களை உள்ளே கூப்பிட்டு, எங்கள் கண் முன்னால் ஊட்டவைக்கிறோம். ஸ்ட்ரெச்சரோடு நானும் கட்டில் வரைக்கும் போகிறேன். முட்டி என்னைத் திட்டுகிறது. போய்ச் சேர்ந்ததும், “தொடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு நிற்பேன்.

பாதிப் பேர் உடனே தொடுவதில்லை. முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.