நேர்ந்துவிட்ட லெக்ஹார்ன்

1. ஸ்டேஷனில் இறங்கிய சரக்கு

நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கு அரியலூர் ஸ்டேஷனில் எனக்காகக் காத்திருந்தவை ஒரு டஜன் வெள்ளைச் சேவல்கள். மூங்கில் கூடைக்குள் இருந்துகொண்டு பிளாட்பாரமே அதிரும்படி கூவிக்கொண்டிருந்தன. யுத்த காலம். மனுஷனுக்கே அரிசி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் சர்க்காருக்கு ஜனங்களின் முட்டை ஞாபகம் வந்தது.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். சீமைச் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கிற பெட்டைகள் கூடுதலாக முட்டையிடும். இதுதான் திட்டம். திட்டத்தில் ஒரு தப்பும் இல்லை. அதில் நான் ஃபீல்ட்மேன், வரதராஜன் சார் எனக்கு மேலே சூப்பர்வைசர்.

சேவல் அனுப்புகிற சர்க்கார் கோழிப் பண்ணையில் மூன்று ஜாதி இருந்தது: வெள்ளை லெக்ஹார்ன், சிவப்பு ரோட் ஐலண்ட், கறுப்பு மினார்க்கா. சார் வெள்ளையை மட்டும் கேட்டு வாங்கியிருந்தார்.

"ஏன் சார், செவப்பும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே? பருந்து கண்ணுல சட்டுனு படாதே" என்றேன்.

"யோவ், பருந்து கண்ணுல படாதது பெரிய ஆபீசர் கண்ணுல மட்டும் படுமா? அவரு கார்ல போறப்ப கண்ணாடி வழியாப் பாத்தா, வெள்ளை வெளேர்னு மேயணும். அதுக்குத்தான்யா லெக்ஹார்ன்!"

பருந்துக்கும் இந்த ஏற்பாடு சௌகரியமாகவே இருந்தது. என் வேலையோ டெம்பரரி. வாயை மூடிக்கொண்டேன்.

2. ஒரே ராத்திரியில் வந்த பக்தி

பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரி போட்டு ஓட்டிய கரி பஸ்ஸில் கூடைகளை ஏற்றிக்கொண்டு குன்னம் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போனோம். ஒரு நாட்டுச் சேவலைக் கொடுத்தால் ஒரு வெள்ளைச் சேவல் கிடைக்கும் என்று தண்டோரா போட்டார்கள். நாட்டுச் சேவல் ஊரில் இருந்தால் சீமைச் சேவலைப் பெட்டை பக்கமே அண்டவிடாது, அதற்காக இந்தப் பண்டமாற்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கென்று நேர்ந்துவிட்ட சேவலை யாரும் தொடக்கூடாது. வேண்டுதல் பலித்த பிறகு, ஆடியில் கருப்பண்ணசாமிக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். தண்டோரா போட்ட மறுநாள் காலையில் பார்த்தால், ஊர்ச் சேவல் அத்தனையும் நேர்ந்துவிட்ட சேவல்!

"என்னய்யா வேண்டுதல்?" என்று ஒருவனைச் சார் அதட்டினார்.

"மச்சான் பட்டாளத்துலேருந்து நல்லபடியாத் திரும்பி வரணும்னுங்க."

"உனக்கேதுய்யா மச்சான்? கல்யாணமே ஆகலைன்னியே?"

"ஆவாமலே போயிடுங்களா?"

சேவலைக் கொடுக்க முன்வந்தது அஞ்சலை ஒருத்திதான். மலாயாவுக்குப் போன புருஷனிடமிருந்து சண்டை மூண்டபின் கடுதாசி இல்லை. பருத்தி எடுக்கிற நாளில் கூலி கிடைக்கும். மற்ற நாளில் அவள் அடுப்பு எரிவது நாலைந்து பெட்டைகள் இடுகிற முட்டையால்தான். அதனால் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

"இந்த சாதிக் கோழி அடைக்கு உக்காருங்களா?"

"உக்காராதும்மா. அதுதான் அதோட பெருமையே. சும்மா முட்டை போட்டுக்கிட்டே இருக்கும்!" என்றார் சார்.

"அப்ப குஞ்சு யாரு பொரிக்கிறது? நீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் குறுக்கே விழுந்து, "நாட்டுப் பெட்டை ரெண்ட அடைக்கு வச்சுக்க. இதுக்குப் பொறக்குறத முட்டைக்கு வச்சுக்க" என்றேன். அவள் தன் செவலைச் சேவலைக் கொடுத்துவிட்டு வெள்ளையை வாங்கிக்கொண்டாள். செவலையைப் பாதுகாப்பாக வைப்பதாகச் சொல்லிச் சார், தான் தங்கியிருந்த சர்க்கார் பங்களாவுக்கு அனுப்பினார். சாயங்காலம் பங்களாவில் இஞ்சி பூண்டு வாசனை வந்தது. பாதுகாப்பு அதோடு முடிந்தது.

மிச்ச வெள்ளைகளைச் சார் பண்டமாற்று இல்லாமலே வீட்டுக்கொன்றாகக் கொடுத்துத் தீர்த்தார். சிலதைப் பருந்து கொண்டுபோயிற்று, சிலதை நாட்டுச் சேவல் கொத்தியே கொன்றது. மற்றதை எல்லாம் நரி தூக்கிவிட்டதாகச் சொன்னார்கள். "எந்த ஊர் நரிய்யா மொளகு அரைக்கும்?" என்று கத்தினேன்.

கடைசியில் தங்கியது அஞ்சலையின் சேவல் ஒன்றே ஒன்று.

3. சாரின் மூளை

அதுவும் போனால் திட்டமும் போச்சு, எங்கள் வேலையும் போச்சு. சார் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "அவனுங்க வித்தையை அவனுங்ககிட்டயே காட்டுறேன் பாரு" என்று அஞ்சலையின் சேவலைக் கருப்பண்ணசாமிக்கு நேர்ந்துவிட ஏற்பாடு செய்தார். அஞ்சலைக்கு மனசில்லை.

"எஞ் சேவல நீங்க நேந்து வுடுறதாங்க?"

"இது சர்க்கார் சேவல்மா. பேருக்குத்தான். ஒருத்தனும் கை வைக்க மாட்டான்."

சேவலை மஞ்சள் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பூசாரி கேட்டார்: "வேண்டுதல் என்னாங்க? சும்மா வுட முடியாது. எதையாச்சும் கேட்டுத்தான் ஆவணும்."

சார் அதை யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார். வருஷக்கணக்கில் மனசில் இருந்ததுதான் வாயில் வந்தது: "எனக்கு திருச்சிக்கு மாத்தல் கிடைக்கணும்."

அன்றைக்கிருந்து அந்தச் சேவலுக்கு ராஜ வாழ்க்கை. களத்தில் யார் தானியம் காயப்போட்டாலும் தின்னும். சூ என்று சொல்ல நாதியில்லை. பருந்து வட்டமிட்டால் ஊரே கல்லெறிந்தது, நாட்டுச் சேவல் கொத்த வந்தால் ஊரே விரட்டியது. அஞ்சலை வீட்டில் குஞ்சு பொரித்து, வெள்ளையில் புள்ளி விழுந்த பெட்டைகள் வளர்ந்து முட்டையிட ஆரம்பித்தன. நாட்டுப் பெட்டையைப்போல இரண்டு பங்கு! முதலில் சிரித்தவர்கள் எல்லாம் அடைக்கு வைக்க முட்டை கேட்டு அவள் வாசலில் நின்றார்கள். அவளும் இரண்டு வேளை சோறு தின்றாள்.

4. சாமி கொடுத்தது

ஆடி பிறந்தது. சாருக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆர்டர் வந்தது.

சார் சந்தோஷத்தில் பங்களா பியூனைக் கட்டிக்கொண்டார். மறுநாள் பூசாரி ஊர்க்காரர்களோடு வந்து நின்றார். "சாமி குடுத்துட்டாருங்க. சேவல வெட்டிடுவோம். வானம் பாத்த பூமிங்க இது, சாமிக்குக் கடன் வச்சா மழை பேயாது."

"வெட்டுங்க, எனக்கென்ன" என்றுவிட்டார் சார். நான் பதறினேன். "சார், இருக்கிறது அது ஒண்ணுதான். அந்தப் பொம்பள என்ன செய்வா?"

"நான்தான் திருச்சிக்குப் போறேனே!" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மூட்டையைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். டெம்பரரி என்பது ஞாபகம் வந்தது.

படையல் அன்றைக்குச் சேவலுக்கு மாலை போட்டு, தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், உடனே வெட்டலாம். பாழாய்ப்போன சேவல் சிலிர்க்கவே இல்லை. மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரத்தில்தான், திட்டத்தைப் பார்வையிடப் பெரிய ஆபீசரின் கார் வந்து நின்றது. முன்தகவல் ஏதும் இல்லை. அஞ்சலை ஓடிப்போய்க் காருக்கு முன்னால் விழுந்தாள்.

"ஐயா, இவருக்கு மாத்தல் கெடச்சதுக்கு எஞ் சேவல வெட்டுறாங்கய்யா! என் செவலையத்தான் தின்னாரு. இதையும் வெட்டிட்டா நான் எதை வச்சுப் பொழப்பேன்?"

பெரிய ஆபீசர் இறங்கி, மாலையோடு நின்ற சேவலைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

"ஒரு டஜன் அனுப்பினோமே. மத்ததெல்லாம்?"

"நரி சார்."

"மிச்சம் இது ஒண்ணு. இதை உங்க மாத்தலுக்கு வெட்டறீங்க?"

"ஜனங்களோட நம்பிக்கை சார்... நாம தலையிடக் கூடாதுன்னு..."

"ரொம்ப சரி. நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம். மாத்தல் ரத்து. திட்டம் முடியறவரைக்கும் நீங்க இங்கேயே இருங்க."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். அரிவாளைக் கீழே வைத்தார். "அப்ப சாமி இன்னும் குடுக்கலைங்க. குடுக்காதப்ப நாம எதுக்குக் குடுக்கணும்? அவுத்து வுடுங்கப்பா." அஞ்சலை சேவலை வாரி அணைத்துக்கொண்டு தேம்பினாள். எனக்கும் கண் கலங்கிற்று, அதைச் சொல்வதில் வெட்கமென்ன?

5. எந்த ஜாதி வாங்கலாம்?

கொல்லையில் நாலு கோழி வைத்து வீட்டுக்கு முட்டை எடுக்க நினைக்கிற பிள்ளைகள் இப்போதும் என்னிடம் வந்து இதைத்தான் கேட்கிறார்கள். முட்டைக்குக் கலப்புப் பெட்டை, அடைக்கு இரண்டு நாட்டுப் பெட்டை, கூட ஒரு நல்ல சேவல். அது எந்த ஜாதி, எந்த நிறம் என்பது அப்புறம். அது உயிரோடு இருப்பதில் உங்களைத் தவிர வேறு யாருக்கு ஆசை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் கோழி உத்தியோகத்தில் கற்ற பாடம் இவ்வளவுதான்.

அடுத்த ஆடியில் கருப்பண்ணசாமி கோயிலில் அஞ்சலை அந்தச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விளக்குப் போடுவதைச் சார் பார்த்துவிட்டார். "என்னம்மா வேண்டுதல்?" என்று கேட்டார்.

"நீங்க எங்கயும் போவாம, கடைசிவரைக்கும் இங்கயே இருக்கணும்னுதாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என்னிடம் திரும்பிச் சொன்னார்: "பாத்தியாய்யா? இத்தனை வருஷ சர்வீஸ்ல, நான் வேணும்னு சொன்னவ இவ ஒருத்திதான்யா."