தொடுவாயை எப்போது வெட்டுவது

எங்கள் ஊர் உப்பங்கழியான களப்பு கடலோடு சேரும் இடத்தைத் தொடுவாய் என்போம். கோடையில் மணல் மேடாகி அந்த வாய் அடைத்துவிடும். மாரி மழைக்குக் களப்பு நிரம்பியதும் மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். பிந்தினால் கரையோர வயல்கள் தண்ணீருக்குள் தாழும். முந்தினால் வளராத இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும். அந்த இறாலைக் கையால் தடவிப் பிடித்துத்தான் என் இரண்டு பெண்களையும் படிப்பிக்கிறேன்.

போன மாரியில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கூட்டம் வைத்தார்கள். அடுத்த நாளே வெட்ட மெஷின் வரும் என்றார் அதிகாரி. நான் எழும்பினேன்.

"இறால் இன்னும் பொடி. கொஞ்சம் பொறுங்கோ."

"அதுக்கு ஆதாரம் இருக்கோ அக்கா?"

"ஓம். காலமையும் இடுப்பளவு தண்ணிக்குள்ளை நிண்டனான்."

அவர் மரியாதையாகத்தான் குனிந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'மக்கள் கருத்து' என்ற தலைப்பின் கீழ் என்னைப் போட்டிருந்தார். அதற்கு மேலே, 'சான்று' என்பதன் கீழ், கரையில் நட்ட அளவுகோல் காட்டிய நீர்மட்டம் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கம்புக்கு இருக்கிற மதிப்பு எனக்கில்லையா? தண்ணீரின் உயரம் அதற்குத் தெரியும். தண்ணீருக்குள் என்ன வளர்கிறது என்று அதற்கு என்ன தெரியும்?

"கருத்தெண்டு எழுதாதேங்கோ. கருத்துப் பிழைச்சால் ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம். சான்றெண்டு எழுதுங்கோ. பிழைச்சால் என்னை வந்து கேளுங்கோ."

பக்கத்தில் இருந்த வயல்காரர் திரும்பினார். "தங்கச்சி, என்ரை நெல்லு அழுகினால் உம்மட்டைத்தான் வருவன்."

"வாங்கோ அண்ணை."

அதிகாரி அதை வெட்டிவிட்டு என்னைச் 'சான்று' என்பதன் கீழ் எழுதி, நான் சொல்லும்வரை மெஷினை நிறுத்திவைத்தார். பிறகு தடவப் போகும்போதெல்லாம் இறாலின் பருமனையும் பார்த்தேன், வயல்காரரின் வரம்பையும் பார்த்தேன். இறால் விரல் தடிப்புக்கு வந்து தொடுவாய்ப் பக்கம் கூடத் தொடங்கியதும், இனி வெட்டலாம் என்றேன். வெட்டிய வாயில் ஊரே வலை கட்டி அள்ளியது.

வயல்காரரின் காணியில் பள்ளமான ஒரு மூலை மட்டும் அழுகியது. சொன்னபடியே வந்து வாசலில் நின்றார். நான் ஒளியவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போய், அந்த மூலை அழுகியதையும் என் பேருக்குக் கீழேயே எழுதச் சொன்னேன்.

இந்த மாரியில் கூட்டம் தொடங்கும் முன்பே அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, எப்ப வெட்டுவம்?"

"சொல்லுறன். முதல்லை தலைப்பைப் போடுங்கோ."