வலிக்காத நாளில் பிடுங்கிய பல்

இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு விசித்திரம்: வலியே இல்லாதவர்கள் பல் டாக்டரிடம் போகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும். நான் இலங்கையில், தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கன்னம் வீங்கினால் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும், வலி போய்விட்டால் பல்லை மறந்துவிட வேண்டும். எங்கள் சட்டம் அதுதான்.

அதனால்தான் ஏமாந்தேன். ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கியபோது அங்குள்ள டாக்டர் கழுவிவிட்டு, மாத்திரை தந்து, "செட்டில் ஆனதும் வாருங்கள், எடுத்துவிடலாம்" என்றார். அடங்கிவிட்டால் எதற்கு வருவதாம்? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடங்கியது, போகவில்லை. மூன்று முறை இதே கூத்து.

மூன்று வார லீவில் ஊருக்கு வந்த இரண்டாம் நாளே ஈறு மறுபடி வீங்கி வாய் பூட்டிக்கொண்டது. அம்மா கோழிக்கறி ஆக்கி வைத்திருக்க, நான் கஞ்சி குடித்தேன். சனியன் பிடித்த இந்தப் பல்லோடு விமானம் ஏறுவதில்லை என்று சபதம் போட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினேன்.

"இப்பவே புடுங்கிடுங்க டாக்டர்."

கண்டி டாக்டர், ஒரு முஸ்லிம் பெண், சிரித்தார். "இப்ப கை வெச்சா மரக்கிற ஊசியும் சரியா வேலை செய்யாது. மொதல்ல வீக்கம் வத்தணும். பத்து நாள்ல வாங்க. எல்லாரும் இதத்தான் செய்யிற, வலி போனா ஆளையும் காணம்!"

சுருக்கென்றது. என்னைத்தான் சொன்னார்.

பத்தாம் நாள் வலி துளியும் இல்லை. அம்மா வாசலை மறித்தார். "நல்லாத் திங்கிற பல்ல எவளாச்சும் புடுங்குவாளா? கிறுக்காடி ஒனக்கு?"

உண்மையில் எனக்கும் கால் தயங்கியது. இருந்தும், "வலிக்கிறப்ப புடுங்க மாட்டாங்கம்மா, இப்பதான் போவணும்" என்றேன். திட்டிக்கொண்டே அம்மாவும் பஸ்ஸில் ஏறினார்.

அரை மணி நேரம், இரண்டு தையல். பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து, விக்கெட் எடுத்தவள் மாதிரி இரண்டு கையையும் தூக்கினேன். ஜெயித்துவிட்டேன்! அடுத்த வாரம் விமானத்தில் தந்த ரொட்டியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றேன். என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களே, வலி போன மறுநாளே போய்த் தொலையுங்கள்.

பல் என்ன ஆனது என்கிறீர்களா? டாக்டர் கடதாசியில் சுற்றித் தந்ததை அம்மா பிடுங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், பால்பல் விழுந்த பிள்ளைக்குச் செய்வதுபோல, எங்கள் லயத்து வீட்டின் தகரக் கூரைமேல் எறிந்தார்.

"இது இனி மொளைக்காதும்மா" என்றேன் வாய்க்குள்ளேயே.

"மொளைக்காட்டிப் போவுது. ஒன்னோடது ஒன்னாச்சும் இங்கேயே கெடக்கட்டும்."