தட்டினால் விட வேண்டும்

இந்த வயதில் ஜூடோவா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துவிட்டேன். முப்பது தாண்டியவள், ஒரு பிள்ளைக்குத் தாய், ஹேடோவில் ஆபீஸ் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் கராச்சர்மா பஸ்ஸைப் பிடிக்காமல் பயிற்சிக்கூடத்துக்குப் போகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த வருஷம் தீவிலிருந்து மெயின்லேண்ட் போட்டிக்குப் போக எங்கள் எடைப் பிரிவில் ஒரே ஓர் இடம். போட்டி எனக்கும், பெரார்கஞ்சிலிருந்து வரும் ஒரு வங்காளிப் பெண்ணுக்கும். கல்லூரியில் படிக்கிறவள். நடுவராக நின்ற சார் மதுரைக்காரர். ஆளைத் தேர்ந்தெடுப்பவரும் அவரேதான். சின்னப் பெண், எதிர்காலம் இருக்கிறது என்று என் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தார். என் எதிர்காலம் என்ன, ரேஷனில் தீர்ந்துபோய்விட்டதா?

எனக்கு நன்றாக வருவது ஒரே ஒரு பிடி. எதிராளியை மல்லாக்கச் சாய்த்து, அவள் கையை என் தொடைகளுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு, ஒரு காலை அவள் முகத்துக்குக் குறுக்கேயும் மற்றதை மார்பின் மேலும் போட்டு, பின்னால் சாய வேண்டும். அவள் கட்டைவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். பிறகு இடுப்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும், முழங்கை தாங்காது. தோற்றேன் என்பதற்கு அவள் கையால் தட்டுவாள். எங்கள் கூடத்தில் பயிற்சிக்கு நடுவர் கிடையாது. தட்டிய நொடியே விட்டுவிட வேண்டும். எங்கள் எலும்பெல்லாம் முழுசாக இருப்பது அந்த நம்பிக்கையில்தான்.

தேர்வு ஆட்டத்தன்று பிடி சரியாக விழுந்தது. என் தொடையில் தட்டினாள். பழக்கதோஷம், விட்டுவிட்டேன். சார் என் முதுகுப் பக்கம் நின்றதால் பார்க்கவில்லை. தட்டினாயா என்று அவளிடம் ஹிந்தியில் கேட்டார். அவள் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டம் தொடரட்டும் என்றுவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுபடியும் அவளைத் தரைக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை உஷாராக இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள். உடம்பு முழுவதையும் கொடுத்து அதைப் பிரித்து, பின்னால் சாய்ந்தேன். தட்டினாள். நான் விடவில்லை. இடுப்பை அதற்குமேல் ஒரு நூல்கூட உயர்த்தவில்லை, ஆனால் விடவில்லை. மறுபடி தட்டினாள். சார் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, வெற்றி என்று கையை உயர்த்தும்வரை அந்தக் கை என்னிடம்தான் இருந்தது.

"அவ தட்டுறா, தெரியலயா? கை போயிருக்கும்" என்று சீறினார்.

"இப்ப பாத்தீங்கல்ல சார்?" என்றேன்.

கல்நெஞ்சுக்காரி என்று சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் முழங்கையை நானே மடக்கி நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எல்லோரும் கலைந்தபின் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இப்போது குரலில் வெல்லம் வழிந்தது.

"ஜெயிச்சுட்டம்மா, சந்தோஷம். உனக்கு வீடு, பிள்ளைன்னு ஆயிரம் இருக்கு. மெயின்லேண்டுக்கு அந்தப் பொண்ணே போகட்டுமே. நீயா விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும்."

கழற்றிய பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன்: "அவ கைய ஒரு தடவ விட்டேன், அதுக்கே இல்லன்னுட்டா. இனி எதையும் விடறதா இல்ல சார். டிக்கெட்ட என் பேர்லயே போடுங்க."