காக்கை வராத குப்பைக் கிடங்கு

தொண்ணூறுகளில், கோவைக்குப் பக்கத்து நகராட்சி ஒன்றில் நான் சுகாதார ஆய்வாளர். ஊர்க் குப்பை முழுவதும் எங்கள் கிடங்கில் உரமாகிறது என்று அரசுக்கு அறிக்கை எழுதுவதுதான் என் இலக்கியப் பணி. அதைச் சரிபார்க்க ஒரு தணிக்கையாளர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லி உடம்பு, சட்டைக் காலரின் பின்னால் தொங்கும் குடை. எங்கள் டீயைக்கூட அவர் தொடவில்லை.

கிடங்கைக் கோயில் வாசல்போலக் கூட்டி வைத்திருந்தேன். மதியம் அவர் தூக்குப்போசியைத் திறந்து, முதல் பிடி சோற்றைச் சுவர்மேல் வைத்து, "கா... கா..." என்றார். எங்கே சாப்பிட்டாலும் அதுதான் வழக்கமாம். கால்மணி நேரமாகியும் ஒரு காக்கை வரவில்லை.

"ஏனுங்க, குப்பைக் கெடங்குல காக்காயே இல்லீங்களே?"

"அத்தனை சுத்தமா வெச்சிருக்கறமுங்க" என்றேன் பெருமையாக.

"செரிங்க. அப்பக் குப்பை எங்கீங்க போச்சு?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். ஆனால் மனிதர் காக்கைக்காக இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பசித்தவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"லாரிக்காரங்க வழியில கொளத்துல கொட்டிப்போடறாங்க. எனக்குத் தெரியுமுங்க."

நானே கூட்டிப்போய்க் குளத்தைக் காட்டினேன்.

பிறகு அவருடைய அறிக்கை வந்தது. சுகாதார ஆய்வாளர் பொய் அறிக்கை அனுப்பினார் என்று ஒரு வரி. குளத்தைக் காட்டி உண்மையைச் சொன்னவரும் அவரே என்று அடுத்த வரி. முதல் வரிக்கு எனக்கு மெமோ வந்தது, இரண்டாவதால் வேலை தப்பியது. என்னைப் பற்றி அத்தனை நேர்மையாக, நான் உட்பட, யாரும் எழுதியதில்லை.