பிரெஞ்சு மைதீன் தடுத்த பந்து

தென்காசியில் சேக் மைதீன் வீடு எது என்று கேட்டால் தெருவுக்கு ஒரு வீட்டைக் காட்டுவார்கள். பிரெஞ்சு மைதீன் என்று கேளுங்கள், ஒரே ஆள்தான். அவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பிரான்ஸ் உலகக்கோப்பையை ஜெயித்தது. மற்ற பையன்களெல்லாம் கோல் போட்டவன் பின்னால் போனார்கள். இவன் மட்டும் அந்த அணியின் டிஃபென்டர் ஒருவனுடைய படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினான். தொண்ணூறு நிமிஷமும் உழைக்கிறவன் ஒருத்தன், பேர் வாங்குகிறவன் வேறொருத்தனா என்று அந்த வயதிலேயே அவனுக்கு ஒரு கோபம். அன்றைக்கு ஒட்டிய பட்டப்பெயர் நாற்பதைத் தாண்டியும் உதிரவில்லை.

அவன் ஆடிய கிளப்புகளைச் சொல்லி மாளாது. முதலில் உள்ளூர் பச்சைப்பிறை. மீசை முளைக்கும்போதே செங்கோட்டைக்காரர்கள் கூப்பிட்டார்கள். அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், பிறகு கொல்லம். கேரளாவில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் என்றால் ஊரே கூடும். வெளியூர் ஆளை ஒரு சீசனுக்கென்று பேசிக் கூட்டிப்போவார்கள். "என்னடே, சட்டை மாத்துத மாதிரி கிளப்ப மாத்துதியே?" என்று யாராவது சீண்டினால், "பிரான்ஸ்காரன் மட்டும் மாத்தலாமோ?" என்பான். ஆனால் குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்கே இருந்தாலும் வந்து பச்சைப்பிறைக்குத்தான் ஆடுவான். அந்த விஷயத்தில் அவனை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

ஆட்டம் எப்படி என்கிறீர்களா? எதிரே வருகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டான். தோளைச் சாய்க்கிறானா, இடுப்பை ஒடிக்கிறானா என்றெல்லாம் பார்க்க மாட்டான். பந்தை மட்டும் பார்ப்பான். ஈரப் புல்லில் ஒரு சறுக்குச் சறுக்கினான் என்றால் பந்து இவன் காலில் இருக்கும், வந்தவன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பான். கோல்கீப்பர் குற்றாலீஸ்வரன் இவனுக்குச் சிறுவயதிலிருந்தே சேக்காளி, இப்போது ஆயுதப்படைப் போலீஸ். "மைதீன் முன்னால நின்னா நான் கோல்போஸ்ட்ல சாஞ்சு தூங்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்லுவான்.

இருபத்தொரு வயதில் ஜுஹைனாவைக் கட்டினான். மகன் ஹுஸைஃபா பிறந்து முடி இறக்கிய கையோடு சவூதியில் இருக்கும் தம்மாமுக்கு விமானம் ஏறினான். அங்கே டயர் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் மலையாளிகள் நடத்தும் கிளப்புக்கு ஆட்டம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு, அதையும் சாரலுக்குத் தோதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவான். பிள்ளை நடந்ததை ஒரு லீவில் பார்த்தான். பிள்ளைக்குப் பல் விழுந்ததை ஒரு லீவில் பார்த்தான். இன்னொரு லீவில் வந்தபோது பிள்ளை இவன் உயரத்துக்கு நின்றான்.

வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் காய்ச்சலா, விழுந்தாரா, எழுந்தாரா, எதையும் அங்கே சொல்ல மாட்டார்கள். 'பாவம், ஒத்தையில கெடந்து வெசனப்படுவாக' என்பார்கள். அங்கே இருப்பவன் மட்டும் லேசுப்பட்டவனா? மைதீன் டயர் அடுக்கிலிருந்து விழுந்து விலா எலும்பு ஒடிந்து கிடந்தபோது, போனில் கேமரா ரிப்பேர் என்று சொல்லி, குரலை மட்டும் காட்டிச் சமாளித்தான். மறைப்பதில் அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் ஐமோ வீடியோவில் கூப்பிட்டபோது ஹுஸைஃபா கட்டிலில் சாய்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே கனத்த போர்வை.

"என்னலே, பட்டப்பகல்ல போர்வை?"

"ஃபேன் காத்து வாப்பா, குளிருது."

"ஒன் உம்மாட்ட சொல்லி கஷாயம் வச்சுக் குடி" என்றான் மைதீன். அதோடு மறந்துபோனான்.

பையனும் பந்து ஆடுகிறவன்தான். பச்சைப்பிறையில் சேர்ந்தபோது, பிரெஞ்சு மைதீன் மகன் என்றால் டிஃபென்ஸ்தானே ஆட வேண்டும் என்று பின்னால் நிறுத்தினார்கள். அவனுக்கோ முன்னால் ஓடிக் கோல் போட வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு இலஞ்சி அணிக்குப் போய்விட்டான். அவன் போட்ட கோல்களை ஜுஹைனா போனில் அனுப்புவாள். மைதீன் டயர் கடையில் கிரீஸ் கையோடு அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். வாங்கிக் கட்டிக்கொண்டவன் எவன் என்று பின்னால் நிற்கும் டிஃபென்டரைப் பார்த்துச் சிரிப்பான்.

இந்த வருஷ லீவுக்கு வரும்போது மைதீன் ஒரு முடிவோடு வந்தான். இனிமேல் போவதில்லை. மேலகரம் பக்கம் ஒரு டயர் கடை போட்டுக்கொண்டு பிள்ளை ஆட்டத்தைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும். மலப்புறத்து கிளப் ஒன்று ஹுஸைஃபாவைப் பார்க்க ஆள் அனுப்புவதாகவும் செய்தி வந்திருந்தது. வீட்டில் பையன் கணுக்கால் வரை கைலி கட்டிக்கொண்டு அமைதியாக நடமாடினான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். கூச்சப்படுகிறான், போகப் போகச் சரியாகும் என்று மைதீன் நினைத்தான். வந்த வாரமே சாரல் சீசன் போட்டியின் ஃபைனல். இந்தப் பக்கம் பச்சைப்பிறை, அந்தப் பக்கம் இலஞ்சி.

காலையில் ஜுஹைனா ஆப்பத்தை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"மச்சான், பிள்ளைய பாத்து வெளையாடுங்க."

"நான் என்ன அவனக் கடிச்சா திங்கப் போறேன்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்படி வாசலில் நின்ற ஹுஸைஃபா அவளையே பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மைதானம் இலஞ்சி வயலை ஒட்டி இருந்தது. சாரல் விட்டுவிட்டுத் தூறியது. மலப்புறத்துக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். ஹுஸைஃபா டவுசருக்கு உள்ளே முட்டியை மறைக்கும் இறுக்கமான கறுப்பு லெக்கிங்ஸ் போட்டிருந்தான். மைதீனுக்குப் பூரித்துப்போனது. முட்டி தெரியக் கூடாது என்று மார்க்கம் சொல்லுவதைப் பிள்ளை இந்த வயதிலேயே பேணுகிறானே! குற்றாலீஸ்வரனிடம் அதைப் பெருமையாகச் சொன்னான். குற்றாலீஸ்வரன் தலையைக் குனிந்து கையுறையை மாட்டினான்.

"ஏலே மைதீனே, இன்னைக்கு நீ அந்தப் பக்கம் நில்லு. பையன் வார பக்கத்த நம்ம அருண்பாண்டி பாத்துக்கிடுவான்."

"ஏம்ல, எனக்கு வயசாயிட்டுன்னு சொல்லுதியா?"

"அதுக்கில்லடே..."

"பின்ன எதுக்கு?"

குற்றாலீஸ்வரன் கோல்போஸ்டைப் பார்த்து நடந்தான். ஜுஹைனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சண்டாளன், அந்த வாக்கை ஒரு நிமிஷம் மீறியிருக்கலாம். மைதீன் தன் இடத்திலேயே நின்றான்.

விசில் ஊதியதும் மைதீன் தன் பிள்ளை ஆடுவதை முதல்முறையாக நேரில் பார்த்தான். போனில் பார்த்தது ஒன்றுமே இல்லை. ஒருமுறை பையன் இடப்பக்கம் போவது போலக் காட்டி வலப்பக்கமாக வாப்பாவைத் தாண்டிப் போனான். "பிரெஞ்சு அவுட்டு டோய்!" என்று கூட்டம் கூவியது. மைதீனுக்கு அவமானமாகவே இல்லை. ஓடிப்போய் அந்தப் பயலைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. விட்டுக்கொடுத்தால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. சீ, அப்பன் போட்ட பிச்சையில் மகன் பேர் வாங்கினான் என்று ஆகிவிடும். அது பிள்ளைக்குச் செய்கிற துரோகம்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிகிற நேரம். நடுவிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு ஹுஸைஃபா தனியாக வந்தான். எதிரே வாப்பா, அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர், வேறு ஆள் இல்லை. மைதீன் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. தோளையும் இடுப்பையும் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தான்.

"மைதீனே, வேண்டாம்லே!" என்று பின்னாலிருந்து குற்றாலீஸ்வரன் கத்தியது காதில் விழுவதற்குள் அவன் சறுக்கிவிட்டான்.

பந்து சுத்தமாக இவன் காலுக்கு வந்தது. நடுவர் விசிலைத் தொடவே இல்லை. கூட்டம் கைதட்டியது. பையனின் இடது கால் ஈரப் புல்லில் ஊன்றிய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. பிறகு அவன் போட்ட சத்தத்தில் கைதட்டல் நின்றுபோனது.

மைதீன் ஓடிப்போய் அந்தக் கறுப்பு லெக்கிங்ஸைச் சுருட்டி மேலே ஏற்றினான். முட்டியில் நீளமாக ஒரு தையல் தழும்பு. பழசு. அதை அவன் பார்த்ததே இல்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாம் வெளியே வந்தது. ஐப்பசியில் ஒரு மேட்ச்சில் முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஒரு வருஷம் பந்தைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மலப்புறத்து ஆள் வருகிறார் என்றதும் பையன் உம்மாவின் காலைப் பிடித்திருக்கிறான். 'வாப்பாட்ட சொன்னா ஆட விடமாட்டாக. மேட்ச் முடியட்டும், நானே சொல்லுதேன்.'

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றான் மைதீன்.

ஜுஹைனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எல்லாருக்கும் தெரியும் மச்சான். உங்களுக்கு மட்டுந்தான்..."

"நான் இந்த வீட்டு ஆளா, இல்ல விருந்தாளியாட்டி?"

"நீங்க மட்டும் சொன்னியளாக்கும்? வெலா ஒடிஞ்சு கெடந்துட்டு கேமரா ரிப்பேருன்னிய. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளோ? பக்கத்து ரூம் பையன் அன்னைக்கே சொல்லிட்டான். நீங்க மறைக்கது உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நானும் கேக்கல."

மைதீன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். யாரைத் திட்டுவது? பத்தொன்பது வருஷமாக அவன் அனுப்பியதும் அவர்கள் அனுப்பியதும் ஒரே வார்த்தைதான். நல்லா இருக்கோம்.

ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டர் சொன்னார். நடக்கலாம், மாடி ஏறலாம், வண்டி ஓட்டலாம். பந்து மட்டும் இனி வேண்டாம். மலப்புறத்துக்காரர் போனில் வருத்தம் சொன்னார், அவ்வளவுதான்.

மைதீன் கட்டில் ஓரத்தில் நின்றான். ஹுஸைஃபாவே ஆரம்பித்தான்.

"ஃபவுல் இல்ல வாப்பா. நீங்க பந்தைத்தான் எடுத்திய."

பாவி மகன், அடித்திருந்தால்கூட இந்த அளவுக்கு வலித்திருக்காது.

"ஏம்ல எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொன்னா விட்டுக்குடுத்திருப்பிய. எனக்கு உங்களத் தாண்டிப் போகணும் வாப்பா. நெசமா ஆடுத உங்கள."

மைதீன் உடைந்து அழுதான். பிள்ளையின் தலையைத் தடவினான். அந்தத் தலையை இப்படித் தடவியது எப்போது என்று அவனுக்கு நினைவில்லை. "இனிமே எதையும் மறைக்காதலே. எதுனாலும் எங்கிட்ட சொல்லு. நானும் சொல்லுதேன்" என்றான். பையன் தலையாட்டினான். ஜுஹைனாவும் தலையாட்டினாள்.

கடை போடும் எண்ணம் அதோடு போனது. இரண்டு ஆபரேஷன் நடந்த வீட்டில் சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார முடியுமா? லீவு முடிந்ததும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினான். தம்மாமில் இறங்கிய முதல் வெள்ளிக்கிழமை கிளப்பிலிருந்து வண்டி வந்தது. மைதீன் போகவில்லை. பூட்ஸை ரூமுக்குப் புதிதாக வந்த பையனிடம் கொடுத்துவிட்டான். பந்து சறுக்கி வருவதைப் பார்த்தாலே அந்தச் சத்தம் காதில் கேட்டது.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை ஐமோவில் கூப்பிட்டான். ஹுஸைஃபா கட்டிலில் சாய்ந்திருந்தான். முகம் வற்றியிருந்தது.

"கால் எப்படிலே இருக்கு?"

"நல்லா இருக்கு வாப்பா. இப்பம்லாம் நல்லா நடக்கேன்."

பின்னால் ஜுஹைனா வந்து நின்றாள். "ஆமா மச்சான், கடைக்கெல்லாம் போயிட்டு வாரான்" என்றாள்.

இடுப்புக்குக் கீழே அதே கனத்த போர்வை. மைதீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா, நீங்க வெளாடப் போகலியா? இன்னைக்கு வெள்ளில்லா?"

"போகாம? இப்பந்தான் முடிச்சிட்டு வாரேன்" என்றான் மைதீன். "ஏம்ல, பட்டப்பகல்ல போர்வை?"

ஜுஹைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஃபேன் காத்து வாப்பா. குளிருது."

எடு போர்வையை என்று சொல்ல மைதீனுக்கு வாய் வரை வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. தான் கொடுத்ததும் சேர்த்துத்தான்.

"சரிலே" என்றான். "நல்லா போத்திக்க."